சட்ட ஆலோசனை: போனைத் திறக்கத்தான் கொடுத்தேன், உள்ளே இருந்ததை அழித்துவிட்டார்கள்

கேள்வி: நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு செய்து விற்று வருகிறேன். குழந்தை போனின் பேட்டர்னைப் பார்த்துவிட்டதால், ஒரு நாள் இரவு ஆறு இலக்கப் பின் எண்ணாக மாற்றினேன். காலையில் அந்த எண் நினைவுக்கு வரவில்லை. பலமுறை தவறாக அழுத்தியதில் காத்திருக்கும் நேரம்தான் கூடிக்கொண்டே போனது. கும்பகோணத்தில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். 1,500 ரூபாய் பேசி, 500 ரூபாய் முன்பணம் தந்தேன். "போட்டோ எல்லாம் வேணும்ணே, அதுல மூணு வருஷ ஆர்டர் டிசைன் இருக்கு" என்று அன்று மாலை என் மனைவியின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, "கவலைப்படாதீங்க சார், டேட்டா சேஃப்" என்று பதில் வந்தது. மறுநாள் போனால் எல்லாமே அழிந்திருந்தது; போன் இப்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கிறது. அதை நீக்க இன்னும் 1,000 ரூபாய் சேர்த்து மொத்தம் 2,000 கொடுத்தால்தான் போன் என்கிறார்கள். இது இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினரிடம் வாங்கிய பழைய போன். என்னிடம் பில் இல்லை. "பில் இல்லாத போன்னு ஸ்டேஷன்ல சொல்லிடுவோம்" என்று மிரட்டுகிறார்கள். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 500 ரூபாய் குறைப்பார்களாம். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வழக்கில் பின் எண்ணை மறந்தது ஒரு பொருட்டே அல்ல. அது உங்கள் போன், உங்கள் மறதி. அதற்காகச் சட்டம் யாரையும் கேள்வி கேட்பதில்லை, உற்பத்தி நிறுவனத்தின் மீது உத்தரவாதக் கோரிக்கையும் எழாது. நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குச் சென்றிருந்தாலும், பில்லைக் கேட்டு, போனை முழுமையாக அழித்துத்தான் தந்திருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், அழிப்பதற்கு முன் அதை உங்களிடம் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். உங்கள் கடைக்காரர் அதற்கு நேர்மாறாக எழுதிக் கொடுத்திருக்கிறார். "டேட்டா சேஃப்" என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு.

அந்த வாக்குறுதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் போனின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 பதிப்புடன் 2019 முதல் வெளிவரும் புதிய போன்கள் அனைத்திலும் சேமிக்கப்படும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே, இருக்கும். அதைத் திறக்கும் சாவியோ நீங்கள் வைக்கும் பின் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். பின் எண் தெரியாமல் போனை "ரீசெட்" செய்தால், அதாவது முழுமையாக அழித்துப் புதிதுபோல் ஆக்கினால், அந்தச் சாவியே அழிந்துவிடும். அதன்பின் நினைவகச் சில்லைக் கழற்றி வைத்துப் பார்த்தாலும் படங்கள் கிடைக்காது. சில சாம்சங் மாடல்களில் தொலைவிலிருந்து திறக்கும் வசதியை முன்கூட்டியே அனுமதித்து வைத்திருந்தால் ஒரு வழி உண்டு. ஐபோனில், ஐஓஎஸ் 17 முதல், கடவுக்குறியீட்டை மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய குறியீட்டைப் பயன்படுத்திப் புதியதை அமைத்துக்கொள்ள முடியும். இவை போன்ற விதிவிலக்குகள் பொருந்தாத போனில் தகவல் போகாமல் திறந்து தருவதாக ஒரு தொழில்முறைக் கடைக்காரர் சொன்னால், அவர் தம் தொழிலின் அரிச்சுவடியே தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தே பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே உங்களுக்குச் சாதகம்.

பழுதுபார்க்க ஒரு பொருளைக் கொடுப்பது, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி ஒரு நோக்கத்துக்கான ஒப்படைப்பு. பொருளைப் பெற்றுக்கொண்டவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளிடம் காட்டும் அளவு கவனத்தை அதனிடம் காட்ட வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. கடைக்காரரின் வழக்கறிஞர் 152-ஆவது பிரிவைக் காட்டி, இரு தரப்பும் சிறப்பு ஒப்பந்தம் செய்துகொள்ள இடமுண்டு என்று வாதிடக்கூடும். அந்தச் "சிறப்பு ஒப்பந்தமாக", முன்பணத்துக்குத் தந்திருக்கக்கூடிய சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த "தகவல் இழப்புக்குக் கடை பொறுப்பல்ல" என்ற வரியை நீட்டவும் கூடும். இத்தகைய வரி இல்லாத சீட்டை நான் பார்த்ததே அபூர்வம். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். போனை வாங்கிக்கொண்ட பிறகு கையில் திணிக்கப்பட்டதும், படித்துக் காட்டப்படாததுமான ஒரு பொது நிபந்தனை, அதே நாளில் உங்கள் நேரடிக் கேள்விக்கு எழுத்தில் வந்த நேரடிப் பதிலை எப்படி வெல்லும்? மேலும், வேலையின்போது எதிர்பாராமல் நேரும் இழப்புக்கு வேண்டுமானால் அந்த வரி பொருந்தலாம். செய்யமாட்டேன் என்று சொன்ன காரியத்தை வேண்டுமென்றே செய்ததற்கு அது கவசமாகாது என்பதே நாம் எடுத்துவைக்க வேண்டிய வாதம்.

அடுத்து, போனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை. இதில் கடைக்காரருக்கு முற்றிலும் ஆதாரமில்லை என்று நான் சொல்லிவிட மாட்டேன். உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்து முடித்தவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று 170-ஆவது பிரிவு பற்றுரிமை அளிக்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த கூலி வரும்வரை நகைத்தொழிலாளி தர மறுக்கலாம் என்று அந்தச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால், அந்தப் பிரிவிலுள்ள ஒரு நிபந்தனையை விட்டுவிடக் கூடாது: வேலை, எந்த நோக்கத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்தின்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், மெருகேற்றக் கொடுத்த விளக்கை உருக்கிக் கட்டியாக்கி வைத்துக்கொண்டு மெருகுக்கூலி கேட்பவருக்குப் பற்றுரிமை ஏது? நீங்கள் சம்மதிக்கவே இல்லாத கூடுதல் 1,000 ரூபாய்க்கோ அந்தப் பேச்சே எழவில்லை.

இருந்தாலும், 1,000 ரூபாய்க்காகப் போனை மாதக்கணக்கில் கடையில் கிடத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. பேசிய தொகையில் மீதியான 1,000 ரூபாயை மட்டும், ரொக்கமாக அல்லாமல், யுபிஐ வழியாகக் கொடுங்கள். குறிப்புப் பகுதியில் "ஆட்சேபத்துடன்" என்று எழுதுங்கள். போனை வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்படிக் கொடுத்தது கடைக்காரரின் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகாது, அதைப் பின்னர் திரும்பக் கேட்கவும் தடையில்லை. கூகுள் கணக்கை நீக்க அவர் கேட்கும் கூடுதல் பணத்தைக் கொடுக்கவே வேண்டாம். போன் இப்படிப் பழைய கணக்கைக் கேட்பது, திருடிய போனைத் துடைத்து விற்பதைத் தடுக்க 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்போடு வந்த பாதுகாப்பு. உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் போட்டாலே திறந்துகொள்ளும். குறுக்குவழி எதுவும் தேவையில்லை. கடவுச்சொல்லும் மறந்திருந்தால், உங்கள் சிம்மை வேறொரு போனில் போட்டு, நீங்கள் வழக்கமாக இணையம் பயன்படுத்தும் வீட்டிலிருந்தே கணக்கு மீட்பு முயற்சியைச் செய்யுங்கள்.

பில் இல்லை என்ற மிரட்டலுக்கு வருகிறேன். ஒருவர் ஒரு பொருளுக்கு உரிமையாளர் என்பதற்குப் பில் ஒரு சான்று மட்டுமே, பில்லே உரிமை ஆகிவிடாது. உறவினர் விலை பேசிப் பணம் பெற்றுப் போனைக் கையில் கொடுத்தபோதே விற்பனை நிறைவேறிவிட்டது. திருட்டுப் பொருளை வைத்திருத்தல் என்ற குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவின்படி, அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வைத்திருப்பவருக்கே பொருந்தும். இருந்தாலும், உங்கள் உறவினருக்கு அந்தப் போன் எப்படி வந்தது என்பதை நீங்கள் உறுதி செய்துகொள்வது நல்லது. ஏனென்றால், சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 27-ஆவது பிரிவின்படி, உரிமையில்லாதவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் பொதுவாக வாங்கியவருக்கு உரிமை வராது. இதைச் சோதிக்கச் செலவில்லை: ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண் தடை செய்யப்பட்டதா என்பது தெரிந்துவிடும். அட்டைப்பெட்டி இருந்தால் அதில் அந்த எண் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டாலும் பல போன்களில், பூட்டிய நிலையிலேயே அவசர அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்தினால் தெரியும். கூடவே, எந்தத் தேதியில் என்ன விலைக்கு விற்றார் என்று உறவினரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் கையில் இருந்தால், கடைக்காரர் ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

இனி உங்கள் படங்கள். வழக்குப் போடுவதற்கு முன், மனைவியின் போனிலோ கணினியிலோ உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, கூகுள் போட்டோஸ் பகுதியில் அவை காப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே கணக்கில் இருக்கக்கூடும். ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்களின் போன்களிலும் நீங்கள் அனுப்பிய விளக்குப் படங்கள் இன்னும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இழப்பைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்தே இழப்பீட்டை அளவிட வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. தேடிப் பார்த்தேன், இவ்வளவு கிடைத்தது, இவ்வளவு போயிற்று என்று பட்டியலோடு வருபவரின் கோரிக்கைக்கு இருக்கும் எடை, எல்லாமே போயிற்று என்று கையை விரிப்பவரின் கோரிக்கைக்கு இருக்காது.

புகார் செய்ய வேண்டிய இடம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைத் தருவதாகச் சொன்னவரும் நுகர்வோரே. செய்த வேலைக்கு முறையான பில் தர மறுத்தால், அதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

ஒரு பள்ளம் இருக்கிறது, எச்சரிக்கிறேன். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார். "மூணு வருஷ ஆர்டர் டிசைன்" என்று நீங்களே எழுதியிருப்பதால், எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் பிடி இதுவாகத்தான் இருக்கும். தம் வயிற்றுப்பாட்டுக்குச் சுயதொழில் செய்பவருக்கு விலக்குண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விளக்கம் வாங்கிய பொருளைப் பற்றியே பேசுகிறது. எனவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். போன் குடும்பத்தின் அன்றாடப் பயன்பாட்டுக்கானது, முதன்மை நோக்கம் அதுவே, விளக்குப் படங்கள் அதில் இருந்த பலவற்றுள் ஒன்று என்பது உண்மையானால், அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தை கையிலெடுத்துப் பார்க்கும் போன் என்பதே அதற்கு நல்ல சான்று.

வாட்ஸ்அப் உரையாடல் உங்கள் மனைவியின் போனில் இருப்பதால், அவரும் ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். படம்பிடித்து வைத்த பிரதிகளோடு, பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் ஆட்சேபத்துக்கு இடமிருக்காது. அந்தப் போனை மாற்றவோ அந்த உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.

அதற்கு முன் கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பாதி விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுவதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். 15 நாள் அவகாசம் கொடுத்து, விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கொடுத்த பணமும், போன படங்களுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமான ஒரு தொகையும், வழக்குச் செலவும் கேளுங்கள். 10 லட்சம், 20 லட்சம் என்று எழுதி ஆணையத்தின் நம்பிக்கையை முதல் பக்கத்திலேயே இழக்க வேண்டாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும்.

அனுமதியின்றிக் கணினித் தகவலை அழித்தல் பற்றித் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவும் பேசுகிறது. ஆனால், போனை நீங்களே கொடுத்திருப்பதால், அனுமதியின் எல்லை எதுவரை என்ற வாதத்திலேயே காலம் கரையும். உங்களுக்கு அந்தப் பாதையை நான் பரிந்துரைக்கவில்லை.

கடைசியாக, புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னது. அதில் கையெழுத்துப் போட்டால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பயன்படாது. கையெழுத்து இல்லாமல் போனைத் தரமாட்டேன் என்றால், அவர் நீட்டும் தாளிலேயே உங்கள் கையால் இப்படி எழுதுங்கள்: "போனை மட்டும் இன்று பெற்றுக்கொண்டேன். உள்ளிருந்த தகவல்கள் என் சம்மதமின்றி அழிக்கப்பட்டுள்ளன. அது குறித்த என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை." அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் மனைவியின் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.