மகளுக்குக் கோதுமை ஆகாது, வீட்டிலோ தினமும் ரொட்டி

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன், கணவருக்கு டவுனில் கடை வேலை. ஒன்பது வயது மகள் வளராமல், இரத்தச்சோகையோடு மெலிந்துகொண்டே போனாள். இரத்தப் பரிசோதனை செய்து, குடலிலிருந்து சின்னத் துண்டு எடுத்தும் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாதாம். எங்கள் வீட்டில் காலையும் இரவும் ரொட்டிதான். மாமியோ, "நாமெல்லாம் இதைத் தின்னுதானே வளர்ந்தோம், ஒரு துண்டு குடுத்தா என்ன" என்கிறார். கொழும்பில் விற்கும் விசேஷ மா வாங்க வசதியில்லை. நாத்தனார் மகனுக்கும் அடிக்கடி வயிற்றுவலி, அவனுக்கும் கோதுமையை நிறுத்தப்போகிறாராம். அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். கேக் கேட்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகளுக்குக் கேக் உண்டு, அதுவும் உங்கள் வீட்டு அடுப்பிலேயே. செய்முறையைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு மா டப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுக்கும் புரதம்தான் குளூட்டன். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதம் இருக்கிறது. மகள் இதைச் சாப்பிடும்போது அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. நீங்கள் கொடுத்த கீரையும் முட்டையும் உடம்பில் ஒட்டாமல் போனது அதனால்தான். உங்கள் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. குளூட்டனை முற்றாக நிறுத்தினால் அந்த முளைகள் திரும்ப வளரும். ஆனால் முற்றாக நிறுத்த வேண்டும். குளூட்டன் இல்லாத உணவு என்று விற்பதற்கு உலக அளவில் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு துண்டு ரொட்டி அந்தக் கணக்கில் மலையளவு.

மாமியைக் கோபிக்காதீர்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் மாவும் அரிசியும் கிடைக்காமல் பட்டினியால் மக்கள் செத்ததை அந்த வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவருக்கு ரொட்டி என்றால் பிள்ளையின் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அதை நிறுத்து என்றால் மனம் எப்படிக் கேட்கும்? அவரிடம் இன்னொரு பஞ்சத்தின் கதையைச் சொல்லுங்கள். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் யுத்தத்தால் பெரும் பட்டினி. பாண் கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். யுத்தம் முடிந்து பாண் திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைமேல் முன்பே சந்தேகம் வைத்திருந்த டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்கு அதோடு விஷயம் உறுதியானது. மாமி தன் பஞ்சக் காலத்தில் எதைத் தின்று உயிர் பிழைத்தார் என்றும் கேளுங்கள். மரவள்ளி, பலாக்காய், குரக்கன் என்று சொல்வாராக இருந்தால், அத்தனையும் இன்றைக்கு உங்கள் மகள் பயமில்லாமல் சாப்பிடலாம். அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் செய்யும் பொறுப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இனி மா டப்பா. மகளுக்கு மட்டும் தனிச் சமையல் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. லயத்து அறையின் சின்னச் சமையலறையில் அது நடக்காது என்பது என் கருத்து. கோதுமை மா தூசியாகப் பறக்கும். கொட்டும்போதும் சலிக்கும்போதும் பறந்து பக்கத்துச் சட்டியில் படியும். ஆகவே உதிரி மா வீட்டுக்குள் வரவே வேண்டாம். மற்றவர்களுக்குக் கோதுமை வேண்டுமென்றால் பாணாக வாங்குங்கள். பாண் உதிருமே தவிரப் பறக்காது. தனித் தட்டில் சாப்பிட்டுத் துடைத்துவிடலாம். மலைக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போகும் உங்களுக்கு இது கஷ்டம்தான், தெரிந்தே சொல்கிறேன். மாச் சல்லடை, பலகை, மரக்கரண்டி மூன்றையும் புதிதாக வாங்குங்கள். மரத்தின் கீறலிலும் சல்லடைக் கண்ணிலும் இருக்கும் மா, கழுவினாலும் முழுதாகப் போகாது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

வெளியில் நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது இடியப்பம். அரிசி என்று நம்பித்தான் வாங்குவோம், ஆனால் கடை வெள்ளை இடியப்பத்தில் பெரும்பாலும் கோதுமை மா இருக்கும். புட்டும் அப்படியே. தோசைமாவில் கோதுமை மா கலப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்பத்துக்கும் சிலர் சேர்ப்பார்கள். ரவை கோதுமையேதான், அதனால் கோயில் கேசரி வேண்டாம், பெருங்காயத்தூள் போடாத சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிடலாம். குரக்கன் ரொட்டி என்று விற்பதிலும் பாதி கோதுமையாக இருக்கலாம். சோயா சோஸில் கோதுமை உண்டு. மோல்ட் பானங்கள் பார்லியில் செய்தவை. வெறும் தேத்தண்ணிக்கு எந்தப் பயமும் இல்லை.

பெருங்காயத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அக்கா மகனுக்கும் இதே நோய். கோதுமையை நிறுத்தி எட்டு மாதமாகியும் அவனுக்கு இரத்தப் பரிசோதனை சரியாகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் அவனுக்கு ரசம் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானத்தில் கோதுமை மா. பெருங்காயம் பிசின் என்பதால் தூளாக்க மா சேர்க்கிறார்கள். பாசத்தோடு செய்து அனுப்பிய என் கை ரசமும் அந்தப் பிள்ளையின் குடலைப் புண்ணாக்கியிருக்கிறதே என்று பல இரவு தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து சேர்மானம் வாசிக்காமல் எதையும் நான் அடுப்பில் போடுவதில்லை. நீங்களும் வாசியுங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும்.

அப்புறம் ரொட்டி. விசேஷ மா தேவையே இல்லை. சிவப்பரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்த மா இரண்டு கப். மில்லில் கொடுத்தால் உங்கள் அரிசிக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு, விருப்பமானால் வெங்காயம், பச்சைமிளகாய். இதில் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். ஒன்றேகால் கப் பிடிக்கும், மாவைப் பொறுத்துக் கூடும் குறையும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்து உதிரும். அரிசி மாவில் இழுவை இல்லை, கொதிநீரில் வெந்த மாச்சத்துதான் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடிப் பத்து நிமிடம் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, வாழையிலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலையை உரித்துவிடுங்கள். ஆறினால் விறைக்கும். அதனால் மலைக்கோ பாடசாலைக்கோ கொண்டுபோவதற்குத் தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கட்டுங்கள்.

ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 96 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஆகவே இடியப்பமும் புட்டும் சமவெளியில் வேகிறதைவிடச் சில நிமிடம் கூட வேக வேண்டும். தோசைமா குளிரில் ஓர் இரவில் புளிக்காது. அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், சாக்கில் சுற்றி வையுங்கள்.

நாத்தனாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், மகனுக்குக் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் இரத்தத்தில் தெரியாமல் போகும். வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே வைத்தியரிடம் காட்டட்டும். வயிற்றுவலிக்கு வேறு காரணங்களும் உண்டு. உங்களுக்கும் கணவருக்கும், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இந்த நோய் குடும்பத்தில் வரும். நெருங்கிய இரத்த உறவில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். அதுவரை நீங்களும் கோதுமையை முழுதாக நிறுத்திவிடாதீர்கள், பாணாகவாவது சாப்பிடுங்கள்.

சரி, கேக். கடை அரிசி மாவென்றால் சேர்மானம் பார்த்து வாங்கி, புதுச் சல்லடையில் இரண்டு தரம் சலித்து 200 கிராம் எடுங்கள். அதோடு சோள மாச்சத்து 50 கிராம். கேக்கில் மணல்போலக் கடிபடாமலிருக்க மா நைசாக இருக்க வேண்டும். 125 கிராம் மாஜரினும் 150 கிராம் சீனியும் நுரைக்க அடித்து, மூன்று முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். நன்றாகக் கனிந்த மூன்று வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள், இழுவை இல்லாத மாவை அதுவும் சேர்த்துப் பிடிக்கும். மாவையும் ஒரு சிட்டிகை உப்பையும் கலந்து அரைமணி நேரம் மூடிவையுங்கள். இந்த அரைமணியை விட்டுவிடாதீர்கள், அரிசி மா ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். கடைசியாக ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சமவெளியில் இரண்டு போடுவோம், உயரத்தில் அது வேகமாகப் பொங்கி நடுவில் குழிந்துவிடும்.

வீட்டில் ஓவன் இருந்தால் 170 பாகையில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். இல்லாவிட்டால் கனமான பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, கால்மணி சூடாக்கி, சிறிய தாங்கியின் மேல் கேக் தட்டை வைத்து மூடுங்கள். அடியில் மெல்லிய தணல், மூடிமேல் கொஞ்சம் தணல். நாற்பது நிமிடம் திறக்காமல் இருந்துவிட்டு, ஈர்க்கால் குத்திப் பாருங்கள். முதலாவது அடி பிடித்துப்போகலாம், பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு ஒரு தரம் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கேக்கை வெட்டுங்கள். பணிஸ், பிஸ்கட் எதுவும் அன்றைக்கு மேசையில் வேண்டாம். மீதியிருந்தால் அடுத்த நாள் காய்ந்து விறைக்கும், ஒரு துண்டை இரண்டு நிமிடம் ஆவியில் காட்டினால் மறுபடி மெதுவாகிவிடும்.