8,200 டாலரை முன்பணமாகக் கட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வயது 36. சம்பாதிக்க அல்ல, ஆசைக்காகத்தான் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுக்க நினைக்கிறேன். என்றாவது மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும். ஒரு பள்ளியில் செஸ்னா 172 விமானத்துக்கு மணிக்கு 175 டாலர், இன்ஸ்ட்ரக்டருக்கு 65. மொத்தமாக 8,200 டாலர் முதலிலேயே கட்டினால் 40 மணி நேரப் பேக்கேஜ் என்கிறார்கள். பக்கத்து ஊர் கிளப்பில் பழைய செஸ்னா 152 இருக்கிறது. மணிக்கு 135, மாதச் சந்தா 60, இன்ஸ்ட்ரக்டருக்கு அதே 65. எது சிக்கனம்?

பதில்: முதலில் அந்த 8,200-ஐக் கட்டாதீர்கள். மற்றது அப்புறம்.

40 மணி நேரம் என்பது அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. விதித்திருக்கும் குறைந்தபட்சம். அதில் குறைந்தது 20 இன்ஸ்ட்ரக்டரோடு, 10 தனியாக. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்களில் பெரும்பாலோருக்கு 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே பேக்கேஜ் விலை என்பது லைசென்ஸின் விலை இல்லை. பாதி வழிக்கான டிக்கெட். பள்ளி மூடிவிட்டால் அதுவும் போச்சு. 2008-ல் லாஸ் வேகஸ் பக்கத்துச் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திவாலானபோது, கிட்டத்தட்ட 70,000 டாலர் கடன் வாங்கிக் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தள்ளுபடி ஆசை இருந்தால் 5 அல்லது 10 மணி நேரத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

இப்போது 60 மணி நேரக் கணக்கைப் போடுவோம். பள்ளியில் விமானத்துக்கு 10,500, இன்ஸ்ட்ரக்டருக்கு 50 மணி நேரம் என்று வைத்தால் 3,250, மொத்தம் 13,750. கிளப்பில் 8,100, அதே 3,250, ஓராண்டுச் சந்தா 720, மொத்தம் 12,070. எழுத்துத் தேர்வுக்கு 175 டாலர், மருத்துவப் பரிசோதனை, கடைசியில் பறந்து காட்டும் தேர்வான செக்ரைடை எடுக்கும் தேர்வாளரின் கட்டணம் எல்லாம் இரண்டு பக்கமும் தனி. ஆயிரத்துக்கு மேல் ஒதுக்கி வையுங்கள்.

கிளப் மலிவு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகள் கேளுங்கள். 135-இல் பெட்ரோல் சேர்த்தியா? மணி நேரத்தை ஹாப்ஸ் மீட்டரில் எண்ணுகிறார்களா, டாக் மீட்டரிலா? ஹாப்ஸ் கடிகாரம் மாதிரி ஓடும். டாக், இன்ஜின் சுற்றும் வேகத்துக்கேற்ப ஓடுவதால் தரையில் ஊர்ந்து போகும்போது மெதுவாக ஏறும், உங்களுக்கு லாபம். 152-இல் இரண்டே இருக்கை. நீங்களும் இன்ஸ்ட்ரக்டரும் ஆளுக்கு 200 பவுண்டு என்றால் டேங்க் நிரப்ப முடியாது. மனைவி, மகள் இருவரோடும் பறக்க, லைசென்ஸ் வாங்கியபின் 172-இல் சில மணி நேரம் பழகிக்கொண்டால் போதும்.

பள்ளியோ கிளப்போ, இன்ஸ்ட்ரக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது: "உங்கள் கணக்கில் பறந்த நேரம் எத்தனை மணி சேர்ந்திருக்கிறது?" 1,500-ஐ நெருங்கியவர் விமான நிறுவன வேலைக்குப் பறந்துவிடுவார். புதியவர் வந்து, பழைய பாடத்தை உங்கள் செலவில் மறுபடி நடத்திப் பார்ப்பார்.

உண்மையில் காசைத் தின்பது மணி நேரக் கட்டணம் இல்லை, இடைவெளி. மாதம் இருமுறை பறந்தால் போன பாடத்தை நினைவுபடுத்தவே அரை மணி நேரம் போகும். வாரம் இரண்டு முறைக்குக் காசு சேரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே மூச்சில் முடியுங்கள். அதுவரை வீட்டில் படிக்கலாம், எஃப்.ஏ.ஏ.வின் கையேடுகள் இணையத்தில் இலவசம். கோடையில் காலை வேளையாகப் பதிவு செய்யுங்கள். டெக்சாஸ் மதிய வெயிலில் குலுங்கும் விமானத்தில் பாடம் மண்டையில் ஏறாது.

குடியுரிமை இல்லாததால், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, பயிற்சி தொடங்குமுன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் அனுமதி வேண்டும். ஒருமுறை பறந்து பார்க்கும் டிஸ்கவரி ஃபிளைட்டுக்கு வேண்டாம். அதை முதலில் செய்துவிடுங்கள். மகளுக்குத் தலைசுற்றுகிறதா என்றும் தெரிந்துவிடும்!

அடுத்து, மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று. 40 வயதுக்குள் வாங்கினால் ஐந்து ஆண்டு செல்லும். மனச்சோர்வு மாத்திரை, ஏ.டி.எச்.டி. போன்ற பழைய விவரம் இருந்தால் படிவம் நிரப்புமுன் விமான மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், கார் ஓட்டுநர் உரிமத்தையே மருத்துவச் சான்றாக ஏற்கும் ஸ்போர்ட் பைலட் என்ற சின்ன லைசென்ஸ் வழியும் அடைபடும். அது மலிவான வழிதான், 20 மணி நேரமே குறைந்தபட்சம். ஆனால் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். மனைவியா மகளா என்ற வழக்கு வீட்டுக்குள் வரும்.

கேள்வி: ஹெட்செட் ஆயிரம் டாலராமே, கட்டாயமா?

பதில்: இல்லை. முதல் சில பாடங்களுக்குப் பள்ளியிலேயே கொடுப்பார்கள். அப்புறம் பச்சை நிற டேவிட் கிளார்க்கில் பழையது ஒன்று வாங்குங்கள். காது மெத்தை, மைக் உறை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். இரைச்சலை அடக்கும் போஸ் ஹெட்செட் சுகமானதுதான். ஆனால் அந்த ஆயிரத்தில் கிளப்பில் ஏழு மணி நேரம் பறக்கலாம்.