1976க்குப் பின்னோக்கிப் பாய்ந்த திருத்தம்

கேள்வி: நம் தேர்தலில் அந்நிய சக்திகள் தலையிடுவதாகக் கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டுகின்றன. இந்தியாவில் வாக்குப்பதிவைக் கூட்ட அமெரிக்கா 2.1 கோடி டாலர் ஒதுக்கியதாகவும் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்க இங்கே சட்டமே கிடையாதா?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: சட்டம் இருந்தது. நல்ல சட்டம். அதில் ஓட்டை போட்டவர்கள், நாம் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பியவர்கள்தான்.

முதலில் அந்த 2.1 கோடி டாலர். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அதை ரத்து செய்வதாக அறிவித்ததும் இங்கே பெரிய கூச்சல் எழுந்தது. ஆவணங்களைப் புரட்டிப் பார்த்த ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’, அந்தத் தொகை வங்கதேசத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியது. அதை விடுங்கள். நீதிமன்றத் தீர்ப்பே வந்த விவகாரம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசத்தான் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் மனமில்லை.

அரசியல் கட்சியும் வேட்பாளரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்றது 1976ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். இந்தியாவில் பதிவான கம்பெனியாக இருந்தாலும், பாதிக்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்தால் அது தருவதும் வெளிநாட்டுப் பணமாகவே கருதப்பட்டது. 2010இல் புதுச் சட்டம் வந்தபோதும் இது மாறவில்லை. இங்கிலாந்தில் பதிவான வேதாந்தாவின் கையில் இருந்த ஸ்டெர்லைட், சேசா கம்பெனிகளிடம் பாஜகவும் காங்கிரஸும் நன்கொடை பெற்றிருந்தன. (ஸ்டெர்லைட் யாரென்று உங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.) தேர்தல் சீர்திருத்தத்துக்காகப் போராடும் ஏ.டி.ஆர். அமைப்பும், மத்திய அரசின் முன்னாள் செயலாளர் இ.ஏ.எஸ். சர்மாவும் வழக்குப் போட்டார்கள். வேதாந்தாவின் முதலாளி இந்தியக் குடிமகன்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இரு கட்சிகளும் சட்டத்தை மீறியிருக்கின்றன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது.

நடவடிக்கைக்குப் பதில் திருத்தம் வந்தது. ஒரு துறையில் வெளிநாட்டார் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்று அரசு வகுத்த அந்நிய நேரடி முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனியின் பணம் வெளிநாட்டுப் பணமாகாது என்று 2016 நிதி மசோதாவுக்குள் ஒரு விதியைச் செருகி, 2010 முதலே செல்லும் என்றார்கள். அதாவது, 100 சதவீத முதலீட்டுக்கு அனுமதியுள்ள துறையில், முழுக்க வெளிநாட்டாருக்குச் சொந்தமான கம்பெனிகூடக் கட்சிக்குப் பணம் தரலாம். ஆனால் வழக்கில் சிக்கிய நன்கொடைகள் 2010க்கு முந்தியவை ஆயிற்றே! 2018 நிதி மசோதாவில் அந்தத் தேதியை, பழைய சட்டம் அமலுக்கு வந்த 1976 ஆகஸ்ட் 5 என்று மாற்றினார்கள். மக்களவையில் விவாதமே நடக்கவில்லை. பிடிபட்ட பிறகு, பிடித்த சட்டத்தையே பழைய தேதியிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி, ரேஷன் அட்டையில் ஒரு பெயர் தவறினால் ஆபீஸ் ஆபீஸாக அலைகிற உங்களுக்கும் எனக்கும் உண்டா? எட்டு வருடம் முன்னால் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படித் திறந்துவிட்டால் வெளிநாட்டு கம்பெனிகள் நம் கொள்கைகளையே வளைக்கக்கூடும் என்று 2019இல் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கேட்பாரில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு இந்தத் திருத்தத்தைத் தொடவில்லை.

20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்தில் கொடுக்கின்றன. அதில் கம்பெனியின் பெயர், முகவரி, தொகை இருக்கும். அந்தக் கம்பெனி யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லியும், 2016, 2018 திருத்தங்களை நீக்கச் சொல்லியும் நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்று, உங்கள் எம்.பி. அடுத்த முறை கோவில்பட்டிக்கு வரும்போது கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி அனுப்புங்கள். ஒரு வரிகூட வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.