ஆர்க்கிவ் தட்டுகளின் உறையில் ஏன் படமே இல்லை?

கேள்வி: 1950-களில் ஜெர்மனியில் வந்த ஆர்க்கிவ் புரொடக்‌ஷன் இசைத்தட்டுகளின் உறையில் படம் இல்லாமல் வெறும் எழுத்தாக இருப்பது ஏன்? வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பழைய தட்டுக் கடையில் அந்த வெளிறிய உறையைப் பார்த்து அலுவலகக் கோப்பு என்று நினைத்துத் திருப்பி வைத்திருப்பீர்கள். அது உண்மையிலேயே கோப்புதான். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947-இல், டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் பழங்கால இசைக்கென்றே தொடங்கிய பிரிவு இது. முதலில் பொறுப்பேற்ற ஃப்ரெட் ஹாமல் ஓர் இசை ஆய்வாளர். இடைக்காலத் தேவாலயப் பாடலான கிரிகோரியன் பாடலில் தொடங்கி பதினெட்டாம் நூற்றாண்டின் மன்ஹைம், வியன்னா இசை வரை மொத்தத்தையும் 12 ஆய்வுத் துறைகளாகப் பிரித்தார்கள். இசையமைப்பாளர் பாக் ஒன்பதாவது துறை, ஹாண்டல் பத்தாவது. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு தகவல் அட்டை. என்ன கருவி, யார் வாசித்தது, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று எல்லாம் அதில் இருக்கும். நூலகத்தில் வைப்பதுபோல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஐந்து வருடம் ஹானோவரில் இருந்தேன். எமில் பெர்லினரும் அவர் தம்பி யோசஃபும் 1898-இல் டாய்ச்ச கிராமஃபோனைத் தொடங்கிய ஊர். சனிக்கிழமைகளில் லைன ஆற்றங்கரையில் பழைய பொருள் சந்தை கூடும். அங்கே ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்ஹா வாசித்த பாக் தட்டு ஒன்று கிடைத்தது. விற்ற பாட்டி தட்டைக் காட்டவில்லை. முதலில் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, பத்திரமாக உள்ளே சொருகித் தந்தார். லூபெக், யாக்கோபி தேவாலயம், சிறிய ஆர்கன், ஆகஸ்ட் 1947 என்று இருந்தது.

அடுத்த மாதமே ஹாம்பர்க் வழியாக ரயிலேறி லூபெக் போனேன். 1942 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்த ஊர் அது. மரியா தேவாலயத்தில் அன்று விழுந்து நொறுங்கிய மணிகளை இன்றும் தரையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் யாக்கோபி தப்பியது. ஆர்கன் செய்யும் ஸ்டெல்வாகன் 1637-இல் விரிவாக்கிய அந்த ஆர்கனும் தப்பியது. அதன் முன்னால்தான் இளவயதிலேயே பார்வையிழந்த வால்ஹா உட்கார்ந்தார். ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை இழைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மற்றவர் வாசிக்கக் கேட்டு, மனத்துக்குள்ளேயே சேர்த்துப் பாடம் செய்தவர். அந்தச் சுவரருகில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அட்டை இல்லையென்றால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

"இசை நடத்துநர் கார்ல் ரிக்டர் இதே நிறுவனத்துக்காக நவீன வாத்தியங்களோடு பெரிய பாடகர் குழுவை வைத்துத்தானே பதிவு செய்தார், இதில் என்ன பழங்கால இசை?" என்று யாராவது கீழே எழுதக்கூடும். உண்மைதான். பழங்காலக் கருவிகளோடு ரைன்ஹார்ட் கோபல், ட்ரெவர் பின்னாக் ஆகியோரின் குழுக்கள் இந்தப் பிரிவுக்கு வந்தது 1970-களின் இறுதியில்தான். அதற்காக ரிக்டர் 1958-இல் பதிவு செய்த பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பை நான் ஒதுக்க மாட்டேன். எனக்கு இசைப் பட்டம் கிடையாது. காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹானோவரில் என் வீட்டுக்காரர், நிலவறை காய்ந்தே இருக்கும் என்று உறுதி சொன்னதை நம்பித்தான் தட்டுகளை அங்கே வைத்தேன். ஒரு கோடை மழையில் தண்ணீர் புகுந்தது. தட்டுகளைக் கழுவித் துடைத்துக் காப்பாற்றிவிட்டேன். பதினோரு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது எழுத்து உரிந்து வந்தது. கேட்டதற்கு, "காகிதம்தானே" என்றார். வீட்டைக் காலி செய்தபோது சுவர் கறை என்று சொல்லி முன்பணத்திலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கறையும் அதே தண்ணீரால் வந்ததுதான். இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை. ஜெர்மனியில் வாடகைக்குப் போகிறவர்கள் நிலவறையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கும்போது, தட்டில் கீறல் பார்ப்பதற்கு முன் உறைக்குள் கைவிட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.