ஊதிவிட்டு வாருங்கள், தாளைக் கேட்டு வாங்குங்கள்

தம்பி, டெக்சாஸில் கார்பன் நானோகுழாய்ப் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழாய்கள்) பவுடர் கையாளும் சின்னக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன், முதல் வாரமே குழாயில் ஊதவைத்து அளக்கும் நுரையீரல் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார்கள், ஏதாவது குறை தெரிந்தால் வேலையும் விசாவும் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போங்கள். பரிசோதனையே வைக்காத கம்பெனிக்குத்தான் பயப்பட வேண்டும்.

நான் வந்த புதிதில் சேர்ந்த லேபில் இதெல்லாம் கிடையாது. நான்கு வருடம் கழித்து இருமல் விடாமல் பிடித்தபோது டாக்டர் முதலில் கேட்டது, வேலைக்குச் சேரும்போது ஊதின எண் என்ன என்பதுதான். கையில் ஒன்றும் இல்லை, திருதிருவென்று முழித்தேன். இங்கே தொழில்சார் உடல்நலத்தைக் கவனிக்கும் நியோஷ் 2013-ல் நானோகுழாய்க்கென்று பரிந்துரைத்ததும் ஸ்பைரோமெட்ரி (இந்த ஊதும் பரிசோதனைதான்), நெஞ்சு எக்ஸ்ரே மாதிரி பொதுவான பழைய பரிசோதனைகளைத்தான், அதனால் உங்கள் இன்றைய எண்ணை ஊராரின் சராசரியோடு அல்ல, உங்களுடைய பழைய எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அதுவும் நம் ஆட்களுக்குச் சராசரியாகவே வெள்ளைக்காரர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். மூக்கில் கிளிப் மாட்டி, நர்ஸ் இன்னும் இன்னும் என்று கத்தக் கத்த, குறைந்தது மூன்று தடவை ஊத வேண்டியிருக்கும். கடனே என்று ஊதாதீர்கள், முதல் எண் குறைவாகப் பதிந்துவிட்டால் பின்னால் நிஜமாகவே குறையும்போது தெரியாது.

மாஸ்க் போடுவதற்கு முன் தரும் மருத்துவக் கேள்வித்தாளில் சின்ன வயது வீசிங்கைக்கூட மறைக்க வேண்டாம். அது டாக்டருக்கு மட்டும்தான், மாஸ்க் போடலாமா கூடாதா என்பதுதான் கம்பெனிக்குப் போகும். விசா அலுவலகத்துக்கு இதெல்லாம் போவதில்லை. ரிசல்ட் நகலை எழுதிக் கேளுங்கள், வேலையிடப் பாதுகாப்பு விதிகளைப் போடும் ஓஷாவின் விதிப்படி 15 வேலை நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் அதற்குள் காரணம் சொல்ல வேண்டும், முதல் நகலுக்குக் காசு கிடையாது. வேலையிடக் காற்றில் நானோகுழாய்த் தூள் எவ்வளவு என்று அளந்த கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள், நியோஷ் சொல்லும் வரம்பு 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

நுரையீரலோடு விஷயம் முடிவதில்லை. நிக்கல் நானோ தூளைத் திறந்த மேசையில் வைத்து எடைபோட்ட 26 வயது கெமிஸ்ட் ஒருவரைப் பற்றி 2014-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. தொண்டை எரிச்சல், மூக்கடைப்பு, அப்புறம் போட்டிருந்த தோடும் பெல்ட் பக்கிளும்கூடத் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பில் புதிதாக எது வந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி விடுகிறவர் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். முகத்தோடு இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க்குக்குத் தாடி ஆகாது, தலையை மூடி மோட்டார் வைத்துக் காற்று தரும் ஹூட்தான் கேட்க வேண்டும்.