கூகுள் டாக்ஸில் பாமினி ஏன் ஆங்கிலமாகத் தெரிகிறது?

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நோட்டீஸ் எல்லாமே வேர்டில் பாமினி என்ற தமிழ் ஃபாண்டில் அடித்தவை. வாடிக்கையாளர் போனிலேயே புரூஃப் பார்க்கட்டும் என்று ஃபைல்களை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினேன். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தாக இருக்கிறதாம். கடை கம்ப்யூட்டரில் சரியாகத்தான் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. சொல்லப்போனால், அந்த ஃபைலுக்குள் தமிழ் எப்போதுமே இருந்ததில்லை. பாமினியில் ‘மதுரை’ என்று அடித்தால் சேமிக்கப்படுவது சிறிய கே, கேபிடல் ஜே, சிறிய ஐ, சிறிய யு என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டுவது பாமினி ஃபாண்ட். அது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கூகுளிடம் இல்லை. நாமாக ஒரு ஃபாண்டை கூகுள் டாக்ஸில் ஏற்றவும் வழியில்லை.

அந்த லிங்கில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை டைப் செய்தால் போன் தானாகவே கேபிடல் ஆக்கிவிடும். பாமினியில் சிறிய எம் என்பது ‘அ’, கேபிடல் எம் ‘ஆ’. அழகர் ‘ஆழகர்’ ஆகிவிடுவார்! ஏற்கெனவே யாராவது திருத்தியிருந்தால், ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய் பழைய பதிப்பை மீட்டுவிடலாம்.

புரூஃப் காட்டுவதற்கு மட்டும் என்றால் வேர்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து அதை அனுப்புங்கள். ஃபாண்டும் அதற்குள்ளேயே போய்விடும். எந்த போனிலும் ஒழுங்காகத் தெரியும். முடிந்துபோன வேலைகளுக்கு இதுவே போதும். பழைய ஃபைல் அத்தனையையும் உட்கார்ந்து மாற்றுவது வீண் வேலை.

அடிக்கடி எடுத்துத் திருத்தும் மாதிரிகளை மட்டும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறையான யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, நம் டிடிபி மேசைகள்தான் இன்னும் பாமினியை விடவில்லை. இப்படி மாற்றித்தரும் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் இலவசம், பாமினி அதில் உண்டு. ஆனால் முழு ஃபைலையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். பத்திரிகையில் ஆங்கிலத்திலேயே அடித்த ‘பி.இ.’ பட்டமும் ஈமெயில் முகவரியும் சேர்ந்து ஏதோ ஒரு தமிழாக மாறிவிடும். வேர்டின் ஃபைண்ட் கட்டத்தில் ஃபார்மட், ஃபாண்ட் என்று போய் பாமினியைக் கொடுத்துத் தேடினால் அந்த ஃபாண்டில் உள்ளது மட்டும் சிக்கும். அதை மட்டும் மாற்றுங்கள். வானவில் என்ற இன்னொரு தமிழ் ஃபாண்டில் அடித்த ஃபைலும் கலந்திருக்கலாம். அதற்கு எழுத்து அமைப்பே வேறு. ஆகவே முதலில் ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் கூகுள் டாக்ஸில் ஃபாண்ட் பட்டியலின் மேலே உள்ள ‘மோர் ஃபாண்ட்ஸ்’ போய், தமிழைத் தேர்ந்தெடுங்கள். ‘ஹிந்த் மதுரை’ என்று நம்ம ஊர் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, சிறிய எழுத்திலும் தெளிவாக இருக்கும். பத்திரிகைத் தலைப்புக்கான அலங்கார எழுத்துக்கு மட்டும் இங்கே வகை குறைவுதான். அதைக் கடைசியில் கடையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

லிங்க் கொடுக்கும்போது ‘எடிட்டர்’ வேண்டாம், ‘கமென்டர்’ கொடுங்கள். தாய்மாமன் பெயர் முதலிலா, சித்தப்பா பெயர் முதலிலா என்ற வழக்கை அவர்கள் ஓரத்தில் கமென்டாக எழுதிக்கொள்ளட்டும். முடிவானதும் நீங்கள் திருத்தலாம்.