நாள்பட்ட சி.எஸ்.சி.ஆர்: மைக்ரோபல்ஸா, பி.டி.டி.யா?

சி.எஸ்.சி.ஆர். என்பது விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் கண் நோய். மருந்து கிடைத்தால் பி.டி.டி.தான் (ஊசியில் மருந்து ஏற்றி, கண்ணில் ஒளி பாய்ச்சும் சிகிச்சை), அதுவும் பாதி டோஸ். கடலூரில் மைக்ரோபல்ஸ் (விட்டு விட்டுப் பாயும் மென்மையான லேசர்), புதுச்சேரியில் பி.டி.டி. என்று இரண்டு டாக்டர்கள் சொன்னதால் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பிளேஸ் ஆய்வு 2018இல் வெளியானது. ஏழெட்டு மாதத்தில் விழித்திரைக்கு அடியில் இருந்த நீர் முழுதும் வற்றியவர்கள் பி.டி.டி.யில் சுமார் 67 சதவீதம், மைக்ரோபல்ஸில் 29. சின்ன வித்தியாசமில்லை.

ஆனால் கடலூர் டாக்டர் சொன்னதும் தப்பில்லை. மைக்ரோபல்ஸ் தழும்பு விடாது, செலவும் குறைவு. பி.டி.டி.க்கான வெர்டிபோர்ஃபின் ஊசி விலை அதிகம், பல சமயம் கிடைப்பதே இல்லை. பழைய சூட்டு லேசரை மட்டும், கசிவு பார்வை மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு ஆறு மாதமாக நீர் வற்றாததற்கு ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம். மாத்திரை மட்டுமல்ல, மூக்கு ஸ்பிரே, தோல் கிரீம், மூட்டு ஊசி, பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி, எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை: ஒரு கண்ணை மூடி மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். கோடு வளைவது அதிகமானால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் ஓ.சி.டி. (விழித்திரை ஸ்கேன்) எடுங்கள்.

பி.டி.டி. செய்தால் 5 நாள் வரை தோலிலும் கண்ணிலும் வெயில் படக் கூடாது. அதனால் திரும்பும்போது கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், சாயங்காலம் கிளம்புங்கள். நான் டாக்டர் இல்லை, இதே நோயோடு அலைந்தவன். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு.